பேட்டரியைப் பின்பெட்டிக்கு மாற்றிய காரில் கோளாறா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

கோலாலம்பூரின் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கத்துப் பட்டறைகளில் பேட்டரியைப் பின்னால் கொண்டுபோகும் வேலை பல காலமாக நடக்கிறது. புரோட்டோன் வீராவிலோ சத்ரியாவிலோ டர்போ எஞ்சினைப் பொருத்தியவருக்கு இண்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகம்) குழாய் போக இடம் வேண்டும். கஞ்சில் போன்ற சின்னக் காரில் பெரிய எஞ்சின் போட்டவருக்கு பானெட்டுக்குள் கை நுழையவே வழி இருக்காது. எஞ்சின் சூட்டிலிருந்து பேட்டரியைக் காப்பாற்ற மாற்றுகிறவர்களும் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அது நியாயமான காரணம்தான்.

காரணம் எதுவானாலும், சில வாரங்கள் கழித்துத் திரும்பி வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "புது பேட்டரி போட்டுவிட்டேன் அண்ணே, அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை."

கார் மின்வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்படி வரும் கார்களில் பேட்டரி மேல் குற்றம் இருப்பது குறைவு. முன்பு முழ நீளத்தில் முடிந்த கேபிள் இப்போது ஐந்து மீட்டர் ஓடுகிறது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பாதையோ முழுக்க மாறிவிட்டது. கோளாறு இந்த இரண்டு பாதைகளில்தான் ஒளிந்திருக்கும். ஆகவே பேட்டரிக் கடைக்குப் போகும் முன் கீழே உள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள். ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் தந்திருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10, 12 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள், மணல்தாள், கம்பித் தூரிகை, கண்ணாடி, கையுறை. பேட்டரியிலிருந்து எஞ்சின் வரை எட்டும் மெல்லிய வயர் ஒன்றும் தேவை. மீட்டரின் முனையை நீட்டிக்கத்தான் அது. மீட்டர் வழியாக மின்னோட்டம் ஏறக்குறைய போகாது என்பதால் எந்த மெல்லிய வயரும் போதும்.

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். பின்பெட்டியில் நாலா பக்கமும் தகரம் என்பதால் இந்த ஆபத்து முன்னால் இருந்ததைவிட அதிகம்.

அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அல்லது எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது

அதிகம் வருவது இதுதான். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக்கை இழுத்துவிடுங்கள். பெட்ரோல் பம்பின் ஃபியூஸை உருவி எடுத்தால் எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் சுற்ற மட்டும் செய்யும். சோதனைக்கு அதுதான் வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள்.

பேட்டரியின் சார்ஜ்: கார் சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் பேட்டரியின் இரு முனைகளிலும் நேரடியாக அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் மற்ற சோதனைகளுக்கு அர்த்தமில்லை. முதலில் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டு வாருங்கள். அது ஏன் இறங்கியது என்பது அறிகுறி 5-இல் வருகிறது.

முனைகளின் இறுக்கம்: கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் அதுவே காரணமாக இருக்கலாம். மெல்லிய முனையுள்ள என்எஸ்40 வகை பேட்டரியில் தடித்த முனைக்கான கிளாம்பை மாட்டி, இறுக்க முடியாமல் விட்டிருப்பார்கள். நடுவில் தகரத்துண்டைச் செருகி இறுக்குவது வேலைக்கு ஆகாது. சரியான கிளாம்பை வாங்கி மாட்டுங்கள்.

பின்பக்க எர்த்: மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் (கிளாம்பில் அல்ல, ஈயத்தில்), மறுமுனையைப் பின்பெட்டியில் பெயிண்ட் இல்லாத தகரத்திலும் வையுங்கள். உதவிக்கு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போது மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கோளாறு கிடைத்துவிட்டது.

அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். லக்கின் (கேபிள் முனையில் உள்ள உலோக வளையம்) அடியில் பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருக்கும். போல்ட்டின் மரையில் மட்டும் பெயிண்ட் கிழிந்து, அந்த மெல்லிய வளையத்தின் வழியாகத்தான் ஸ்டார்ட்டரின் முழு மின்னோட்டமும் போயிருக்கும். அதைச் சுற்றித் தகரம் நீலம் பாய்ந்து கறுத்திருக்கும். லக்கின் விளிம்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும்.

லக் உட்காரும் அகலத்துக்குப் பெயிண்டை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் போல்ட், பல் வாஷர், பின்னால் நட்டு என்று போட்டு இறுக்கிவிட்டு, அதற்கு மேலே கிரீஸோ பெயிண்டோ பூசித் துருவைத் தடுங்கள். இடம் முக்கியம். உதிரிச் சக்கரக் குழியின் மெல்லிய தகரத்தில் போடாதீர்கள். சஸ்பென்ஷன் மேடை, சீட் பெல்ட் தாங்கிக்கு அருகில் உள்ள கெட்டியான அடுக்குத் தகரம் போன்ற இடம்தான் நல்லது. ஆனால் சீட் பெல்ட் போல்ட்டையே எர்த்தாகப் பயன்படுத்தக்கூடாது. அதன் வேலை உயிரைப் பிடிப்பது. அதன் இறுக்கத்தில் கைவைக்காதீர்கள்.

எஞ்சின் எர்த்: இப்போது மீட்டரை எஞ்சின் பிளாக்கிலும் முன்பக்க பாடித் தகரத்திலும் வைத்து, மறுபடி சுற்றச் சொல்லுங்கள். இங்கேயும் 0.2 வோல்ட்தான் எல்லை. பேட்டரியை மாற்றும்போது அதிகமாக மறக்கப்படுவது இந்த இடம். பேட்டரி முன்னால் இருந்தபோது தடித்த மைனஸ் கேபிள் நேராக கியர்பாக்ஸுக்குப் போயிருக்கும். பேட்டரியோடு அதையும் கழற்றி எறிந்துவிட்டு, பின்னால் பாடியில் மட்டும் எர்த் கொடுத்திருப்பார்கள். ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கு அந்த எர்த் எப்படிப் போய்ச் சேரும்? ஏற்கெனவே இருக்கும் ஒரு மெல்லிய பின்னல் பட்டை மட்டும் அந்தச் சுமையைத் தாங்காது. பிளஸ் கேபிளின் அதே பருமனில் கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கேபிள் போடுங்கள். இந்த வேலைக்கு ஒரு மதியம் போதும்.

பிளஸ் கேபிள்: நீட்டித்த வயரின் உதவியோடு பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட் வரை அளக்கவும். சுற்றும்போது அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஏற்கலாம். அதைத் தாண்டினால் ஃபியூஸின் இரு பக்கமும், கட்-ஆஃப் சுவிட்ச் (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அதன் இரு பக்கமும், ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் தனித்தனியாக அளந்து வாருங்கள். எங்கே எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு.

எந்த இணைப்பிலும் குதிக்காமல் மொத்தமாக அதிகம் காட்டினால் கேபிளே மெல்லியது என்று பொருள். சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற 150 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் செம்புக் கேபிளில் 16 சதுர மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 35 என்றால் 0.4-க்குக் கீழே, 50 என்றால் 0.26. ஆகவே கஞ்சில், கெலிசா போன்ற சின்னக் கார்களுக்கே 35 போடுங்கள். டர்போ வீராவுக்கு 50-க்குக் குறைய வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒலிபெருக்கிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த கேபிள்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். வெட்டிய முனையில் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். ஆனால் செம்பின் மேல் வெள்ளீயம் பூசிய நல்ல கேபிளுக்கு வெளியேதான் வெள்ளி நிறம், உள்ளே செம்பு. குழப்பிக்கொள்ளாதீர்கள். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உறையின் பருமனைப் பார்த்து ஏமாறக்கூடாது.

எல்லாம் சரியாக இருந்து, சுற்றும்போது ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே 10 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தும் மெதுவாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரை இறக்கிப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 2: ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிளோ கியர் கேபிளோ சூடாகிறது, டாஷ்போர்டு முட்கள் துள்ளுகின்றன

உடனே நிறுத்துங்கள். இதற்குச் சோதனை தேவையில்லை. எஞ்சின் எர்த் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு இல்லை. திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம், எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு வீராவில் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் பிளாஸ்டிக் உறை உள்ளுக்குள் உருகி, கம்பியோடு ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மிதித்த ஆக்ஸிலரேட்டர் மேலே வர மறுத்தது. நெடுஞ்சாலையில் அது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது.

அறிகுறி 1-இல் சொன்ன எஞ்சின் எர்த்தைப் போட்டு முடிக்கும்வரை சாவியைத் தொடாதீர்கள். சூடான கேபிளைக் கண்டிப்பாக மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உறை போயிருக்கும்.

அறிகுறி 3: தடித்த கேபிள் சூடாகிறது, கருகிய வாடை வருகிறது, அல்லது ஃபியூஸ் அடிக்கடி போகிறது

முதலில் ஒரு கேள்வி. பேட்டரியின் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் காரை ஓட்டாதீர்கள். மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பிறகு படியுங்கள். காரின் முழு நீளத்துக்கும் ஓடும் பிளஸ் கேபிள் எங்கேயாவது பாடியில் உரசினால், அதைத் தடுக்க எதுவுமே இல்லாமல் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கேபிள் தீத்திரி ஆகிவிடும், அதுவும் கம்பளத்துக்கும் சீட் பஞ்சுக்கும் அடியில். பின்னாலிருந்து இன்னொரு கார் மோதினால் பேட்டரியே நசுங்கும் இடம் அது என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் பக்கத்தில் போட்ட ஃபியூஸ், இடையில் உள்ள ஐந்து மீட்டரைக் காப்பாற்றாது.

சூடு எங்கே என்று கையால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சூடு என்றால் அங்கே உள்ள இணைப்பு தளர்ந்திருக்கிறது. திருகாணியால் வயரை நசுக்கிப் பிடிக்கும் மலிவான ஃபியூஸ் தாங்கிகளில் இது சகஜம். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக்குகளிலும் அப்படியே. ஹைட்ராலிக் கிரிம்பரால் நசுக்கிய லக்கை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. கேபிள் முழுவதும் ஒரே சீராகச் சூடாகிறது என்றால் பருமன் போதாது. அதற்குப் புதுக் கேபிள்தான் மருந்து.

ஃபியூஸ் எப்போது போகிறது என்பதையும் கவனியுங்கள்.

- சாவியைத் திருப்பும்போது மட்டும்: ஃபியூஸ் அளவு சிறியதாக இருக்கலாம். சின்ன நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு வழக்கமாக 200 முதல் 250 ஆம்பியர் வரை போடுவார்கள். ஆனால் கேபிள் தாங்கும் அளவை ஃபியூஸ் மிஞ்சக்கூடாது. அளவு சரியாக இருந்தும் போனால் ஸ்டார்ட்டர் இறுகியிருக்கிறது.
- மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது: கேபிள் எங்கோ உரசுகிறது.
- மாட்டிய உடனே: நேரடி ஷார்ட். இன்னொரு ஃபியூஸை வீணாக்காதீர்கள்.

பின் இரண்டுக்கும் கேபிளை இரு முனையிலும் கழற்றி, மீட்டரை ஓம் நிலையில் வைத்து, கேபிளுக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. பார்த்துக்கொண்டே கேபிளை ஒவ்வோர் இடமாக அசையுங்கள். எண் துள்ளும் இடத்தில் கம்பளத்தைத் தூக்குங்கள். நான் கண்ட வரையில் மூன்று இடங்கள்: முன்சீட் தண்டவாளத்தின் போல்ட் முனை, எஞ்சின் அறைச் சுவரில் ரப்பர் வளையம் போடாமல் விட்ட துளை, பின்சீட்டின் அடித்தகரம் மடங்கும் கூர்மையான ஓரம். உரசிய இடத்தில் டேப் சுற்றி மூடுவதை ஏற்கவே மாட்டேன். கேபிளை மாற்றி, முழு நீளத்துக்கும் நெளிகுழாய் போட்டு, கைச்சாண் இடைவெளியில் கிளிப் அடித்து, ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் போடுங்கள்.

பாதையைத் தேர்வு செய்யும்போது கதவுப் படியின் உட்பக்கம் நல்லது. காரின் அடியில் எக்ஸாஸ்ட் அருகிலோ பெட்ரோல் குழாயோடு சேர்த்தோ கொண்டுபோகக்கூடாது. படியோரத்தில் மஞ்சள் உறையோ மஞ்சள் இணைப்பியோ கொண்ட வயர் கண்ணில் பட்டால் அது காற்றுப்பையின் வயர். அதன் அருகில் துளையிடவோ கிளிப் அடிக்கவோ வேண்டாம்.

போகிற ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸையோ ஒரு செம்புத் துண்டையோ போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரில் இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி 4: காருக்குள் அழுகிய முட்டை வாடை, அல்லது பேட்டரி மேல் வெள்ளைப் பொடி

வாடை வந்தால் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது. வாடையோடு சேர்ந்து வாடையே இல்லாத ஹைட்ரஜனும் வெளியேறும். காற்றில் நான்கு விழுக்காடு கலந்தாலே அது வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவுகளையும் பின்பெட்டியையும் விரியத் திறந்து வையுங்கள். சிகரெட் கூடாது. டெர்மினலை உடனே கழற்றாதீர்கள், கழற்றும்போது வரும் சின்னப் பொறியே போதும். வாயு கலைந்து பேட்டரி ஆறும்வரை தள்ளி நில்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ புகை வந்தாலோ கிட்டேயே போகாமல் 999-ஐ அழையுங்கள்.

ஆறியபின் பார்க்க வேண்டியவை. பேட்டரி உப்பவில்லை, கசியவில்லை என்றால் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு முனையில் அளக்கவும். 13.8-க்கும் 14.5-க்கும் இடையே இருப்பது வழக்கம். 15-ஐ நெருங்கினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) போய்விட்டது, அல்லது அதன் அளவறியும் வயர் தவறான இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது. இது ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை. வோல்ட் சரியாக இருந்தால் பேட்டரியின் ஓர் அறை கெட்டிருக்கலாம். கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து, பேட்டரியின் வகை. தண்ணீர் ஊற்றும் பேட்டரி பின்பெட்டியில் திறந்தபடி இருக்கவே கூடாது. பராமரிப்பு தேவையில்லை என்று எழுதியிருக்கும் பேட்டரிக்கும் வாயு வெளியேறும் துளை உண்டு. கஞ்சில், கெலிசா, மைவி, சத்ரியா ஆகியவற்றில் பின்பெட்டியும் பயணிகள் அறையும் ஒரே வெளி. பின்சீட்டில் குழந்தை தூங்கும் இடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவே ஓர் அட்டைதான் இருக்கும். வாயுக்குழாய் மாட்டும் வசதியுள்ள ஏஜிஎம் பேட்டரியை (அமிலம் கண்ணாடியிழைப் பஞ்சில் ஊறியிருக்கும் மூடிய வகை) போட்டு, குழாயைத் தரை வழியாகக் காருக்கு வெளியே, எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் இறக்குங்கள். பழைய வகைதான் என்றால் மூடிய பெட்டியும் வெளியே போகும் குழாயும் கட்டாயம். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளிலும் பேட்டரி பின்னால்தான். தொழிற்சாலையே அதற்கு வாயுக்குழாய் கொடுத்து அனுப்பியது. அந்த அக்கறை நமக்கும் வேண்டும்.

வெள்ளைப் பொடியை வெந்நீரில் கரைத்த ஆப்பச்சோடாவால் கழுவித் துடையுங்கள். பேட்டரியின் துளைகளுக்குள் அந்த நீர் போகக்கூடாது. கழுவியும் விரைவிலேயே மீண்டும் பூத்தால் முனையின் அடியில் அமிலம் கசிகிறது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். அடித்தகரத்தையும் பாருங்கள், அமிலம் தின்ற பெயிண்ட் உப்பியிருக்கும்.

அறிகுறி 5: இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

பின்பெட்டி விளக்கு அணைகிறதா என்று முதலில் பாருங்கள். கைத்தொலைபேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் தெரிந்துவிடும். கேபிள் வேலையின்போது விளக்கின் சுவிட்சை இடித்து வளைத்திருப்பார்கள். நிறுத்தியபின்னும் பதிவு செய்யும் டேஷ்கேமும் அடுத்த சந்தேகம்.

அது இல்லையென்றால் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, மைனஸ் முனைக்கும் மைனஸ் கேபிளுக்கும் நடுவே இணைத்து, கதவுகளை மூடிப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 200 காட்டினால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 5 ஆம்பியர்-மணி போகிறது. கஞ்சிலின் சின்ன பேட்டரியில் மூன்று, நான்கு நாளில் பாதி காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி, எதை உருவும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். பேட்டரியோடு நேராக இணைத்த ஆம்ப்ளிஃபையர் காரின் ஃபியூஸ் பெட்டியில் வராது, அதைத் தனியாகக் கழற்றிப் பாருங்கள்.

கசிவு இல்லாமலே இறங்குகிறது என்றால் சார்ஜ் போதவில்லை. எஞ்சினையும் ஏசியையும் முன்விளக்கையும் போட்டுவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலும் பேட்டரி முனையிலும் அளக்கவும். முன்னால் 14.2, பின்னால் 13.6 என்று வித்தியாசம் கண்டால் அறிகுறி 1-இன் எர்த், கேபிள் சோதனைகளுக்குத் திரும்பிப் போங்கள். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் ஆல்டர்னேட்டர். தைப்பூசத்தன்று பத்துமலை நெரிசலில் மணிக்கணக்கில் ஊர்ந்துவிட்டு, மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வரும் கார்களில் இந்தக் குறைதான் வெளியே தெரிகிறது. மெதுவோட்டத்தில் ஆல்டர்னேட்டர் கொடுப்பதே கொஞ்சம். அதிலும் வழியில் இழப்பு.

அறிகுறி 6: வளைவுகளில் பின்னால் 'தொம்' என்ற சத்தம்

பேட்டரி நகர்கிறது. காராக் நெடுஞ்சாலை வளைவில் ஒன்பது, பத்துக் கிலோ ஈயம் சாய்ந்து பிளஸ் முனை தகரத்தில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ரப்பர் கயிறு, பிளாஸ்டிக் கட்டு, மரப்பலகைத் திருகாணி எதுவும் பிடிமானம் ஆகாது. பந்தயக் கார்களுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதித்திருப்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: இடம் மாற்றிய பேட்டரிக்கு உலோக இருக்கை, காப்புறை போட்ட இரண்டு உலோகக் கிளாம்புகள், குறைந்தது 10 மில்லிமீட்டர் போல்ட்கள், ஒவ்வொரு போல்ட்டுக்கும் தகரத்தின் அடியில் 3 மில்லிமீட்டர் தடிமனும் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தாங்குதகடு. சாலைக் காருக்கும் இதை அப்படியே செய்யலாம். துளை போடும் முன் அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். பெட்ரோல் தொட்டி பின்சீட்டின் அடியில் இருக்கும் கார்கள் நிறைய. பிளஸ் முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம்.

அறிகுறி 7: கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பியும் எஞ்சின் ஓடுகிறது

சுவிட்ச் பேட்டரியை மட்டும் துண்டிக்கிறது, ஆல்டர்னேட்டர் எஞ்சினுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. விபத்தில் இந்தச் சுவிட்ச் பயன்படாது. பந்தய விதியிலும் சுவிட்சைத் திருப்பினால் எஞ்சின் நிற்க வேண்டும். இக்னிஷனையும் சேர்த்துத் துண்டிக்கும் கூடுதல் முனைகளுள்ள சுவிட்ச் வேண்டும். இணைப்பைப் பந்தயக் கார் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். சும்மா சோதிப்பதற்காக எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த நொடியில் எகிறும் வோல்ட், எஞ்சின் கணினியைத் தின்றுவிடும்.

அறிகுறி 8: பேட்டரி காலி, பின்பெட்டி திறக்கவில்லை

மின்பூட்டு உள்ள கார்களில் வரும் சங்கடம். சாவித் துவாரம் எங்கேயாவது மூடிக்குள் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பின்சீட் மடிந்தால் உள்ளே நுழையலாம். எஞ்சின் அறையில் ஜம்ப் முனை (வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுப்பதற்கான முனை) வைத்திருந்தால் அங்கே பிளஸ்ஸையும், எஞ்சினின் வெறும் இரும்பில் மைனஸையும் கொடுத்துத் திறக்கலாம். வைக்கவில்லை என்றால் வேலையோடு வேலையாக இப்போதே ஒன்று பொருத்திவிடுங்கள், மூடியோடு.

அறிகுறி 9: மழைக்குப் பின் மட்டும் கோளாறு

உதிரிச் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். குழியில் தண்ணீர் நிற்கும். பின்விளக்கின் ரப்பரும் பின்பெட்டிக் கதவின் ரப்பரும்தான் வழி. தண்ணீர்க் குழாயைப் பிடித்து மேலே ஊற்றிவிட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்த்தால் சொட்டும் இடம் தெரியும். ரப்பரை மாற்றி, எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டுங்கள். திடீர் வெள்ளத்தில் பேட்டரி வரை மூழ்கிய கார் என்றால் எதையும் முயலாமல் இழுவை வண்டியில் பட்டறைக்கு அனுப்புங்கள்.

நீங்கள் கைவைக்கவே கூடாத கார்கள்

தொழிற்சாலையிலேயே பேட்டரி பின்னால் இருக்கும் கார்களில் மேலே சொன்னதை அப்படியே செய்யாதீர்கள். பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் பிளஸ் முனையோடு, மோதலின்போது சிறு வெடிப்பால் கேபிளைத் துண்டிக்கும் அமைப்பு உண்டு. அதை வெட்டுவதோ நீட்டுவதோ ஆபத்து. டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் கண்டால் விலகி நில்லுங்கள், அது உயர் மின்னழுத்தம். மைனஸ் முனையில் சென்சார் உள்ள புதிய கார்களில் பேட்டரியை இடம் மாற்றுவதே எனக்கு உடன்பாடில்லை.

மற்றபடி, ஃபியூஸ் இல்லாமல் ஓடிய கார், ஒருமுறை கேபிள் கருகிய கார், பின்னால் இடிபட்ட கார் ஆகிய மூன்றையும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் முழுதாகத் திறந்து பார்த்த பிறகே சாலையில் இறக்குங்கள். மாற்றம் செய்திருப்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். விதிமுறையில் ஐயம் இருந்தால் ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்துத் துறை) கேட்டுத் தெளிவுபெறுங்கள். பட்டறையில் கம்பளத்தை மூடும் முன் கேபிள் போகும் பாதையைப் படமெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒருநாள் சீட்டுக்கோ ஒலிபெருக்கிக்கோ யாராவது துளையிட வரும்போது அந்தப் படத்தை முதலில் காட்டுங்கள்.